தமிழில் வெப்காமிக் போட ஆசை: எழுத்து உடைகிறது, எங்கே போடுவதென்றும் தெரியவில்லை

கோலிவாடாக்காரி:

வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். ஃபோர்ட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. படம் வரைய யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. இப்போது ஒரு கதையைப் படக்கதையாக்கி இணையத்தில் தொடராகப் போடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

கதை எங்கள் சந்தில் நடப்பதுதான். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் இங்கே இட்லி வேகும் வாசனை வந்துவிடும். அப்புறம் சைக்கிள்கள் கிளம்பும். காரியரில் அலுமினியத் தேக்சா (பெரிய பாத்திரம்), ஹேண்டில்பாரில் சட்னி வாளி, கையால் அமுக்கும் ரப்பர் ஹார்ன். மாடுங்கா, தாதர், பரேல் என்று ஆளுக்கொரு லைன் உண்டு. அப்படிப் போகும் ஒரு பெரியவரும், விளாத்திகுளத்திலிருந்து புதிதாக வந்து அவரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பையனும்தான் என் ஆட்கள். பையனுக்கு இந்தி வராது. பெரியவருக்குப் பேசுவதே பிடிக்காது.

ஏ4 தாளில் பென்சிலில் வரைந்து, போனில் படம் பிடித்து, ஒரு ஆப்பில் மேலே கோடு போடுகிறேன். அதுவரை சரி. வசனம் எழுதும்போதுதான் தலைவலி. 'கொஞ்சம்' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. எழுத்தைச் சின்னதாக்கினால் படிக்க முடியவில்லை, பெரிதாக்கினால் வசனம் நிற்கும் பலூன் படத்தையே விழுங்கிவிடுகிறது.

எந்த அளவில் வரைவது, பக்கம் பக்கமாகவா மேலிருந்து கீழே ஓடுகிற மாதிரியா, எங்கே போடுவது என்பதெல்லாமும் குழப்பம். இதற்கு நடுவில் நான் சும்மா போட்ட ஒரு துண்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய இன்ஸ்டா பேஜிலிருந்து மெசேஜ். 'முழு உரிமையும் எங்களுக்குக் கொடுங்கள், உங்கள் பெயரைப் போடுகிறோம்' என்கிறார்கள். பணம் பற்றிப் பேச்சே இல்லை. கொடுக்கலாமா?

அச்சுக்கோப்பவன்:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் எழுத்தைப் பார்ப்போம். தாராவி 90 அடி ரோட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ் எழுத்தோடுதான் பிழைப்பு. படம் வரையத் தெரியாது, ஆனால் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வந்த காலத்திலேயே கதையை விட்டுவிட்டு பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

எழுத்து உடைவது உன் தப்பில்லை, ஃபான்ட்டின் தப்பும் இல்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் 'கொ' என்பது க, அதன் பின்னால் ஒரு ஒகரக் குறி என்றுதான் உள்ளே கிடக்கும். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பைக் க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது ஆப்பின் வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் செய்த ஆப் இந்த வேலையைச் செய்யாது, வந்த வரிசையில் கொட்டிவிடும். அதனால் வசனத்தை அங்கே தட்டாதே. வீட்டில் ஏதாவது ஒரு பழைய லேப்டாப் இருந்தால் கிரிட்டா அல்லது இங்க்ஸ்கேப் போட்டுக்கொள். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் ஒழுங்காக உட்காரும். போனில்தான் வரைவேன் என்றாலும் பரவாயில்லை. வசனத்தை இங்க்ஸ்கேப்பில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து, படத்தின் மேல் கண்ணாடித் தாள் வைக்கிற மாதிரி தனி லேயராக வைத்துவிடு. அடித்த மூலக் கோப்பைப் பத்திரமாக வை. எழுத்துப்பிழை எப்போதும் போட்ட பிறகுதான் கண்ணில் படும். யாராவது ஃபோட்டோஷாப் வைத்திருந்தால்: பழைய பதிப்புகளில் ப்ரெஃபரன்ஸில் டைப் என்ற இடத்துக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சேரும்.

பாமினி மாதிரி, யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்டை வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். என் கடையிலேயே இன்னும் அதில்தான் பாதி வேலை. உனக்கு வேண்டாம். அதில் அடித்த வசனத்தை அப்படியே எடுத்துப் படத்துக்குக் கீழே ஒட்டினால் கிறுக்கலாகத்தான் வரும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியும் சரியாகப் பார்க்காது, கண் தெரியாதவர்களின் போனும் வாசிக்காது. வசனத்தை யூனிகோடில் கீழே ஒருமுறை போட்டுவிட்டால் இரண்டுக்கும் ஆச்சு.

ஃபான்ட் தேடி வெளியூர் போக வேண்டாம். எக் டைப் என்று மும்பையிலேயே ஒரு வடிவமைப்பாளர் குழு இருக்கிறது. பலூ தம்பி, முக்த மலர், அனெக் தமிழ் மூன்றும் அவர்கள் செய்தவை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் நாளைக்குப் புத்தகமாக அடித்து விற்றாலும் யாரும் கேட்க முடியாது. பலூ தம்பி உருண்டையாக, கொஞ்சம் குண்டாக இருக்கும், படக்கதைக்குப் பொருந்தும். கவிவனார் என்று ஒன்று, சாய்ந்த கையெழுத்து மாதிரி. பையன் ஊருக்குக் கடிதம் எழுதினால் அதற்கு வைத்துக்கொள், வசனத்துக்கு வேண்டாம்.

இப்போது பலூன். நீ பலூனை வரைந்துவிட்டு அதற்குள் வசனத்தைத் திணிக்கிறாய் என்று நினைக்கிறேன், அங்கேதான் சிக்கல். தமிழ்ப் படக்கதையில் எழுத்துதான் முதலில் உட்கார வேண்டும், படம் அதற்கு இடம் விட வேண்டும். ஆங்கிலக் காமிக்ஸ் வசனம் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கிவிடுவார்கள். நமக்கு மேலே கி, கீ என்று சுழி ஏறும், கீழே கு, கூ என்று வால் இறங்கும். வரிக்கு வரி அவ்வளவு நெருக்கினால் மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ' மேல் இடிக்கும். எழுத்து உயரத்தில் பாதியாவது வரிகளுக்கு நடுவே விடு.

அடுத்தது சொல்லின் நீளம். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதினால் ஒரு பலூன் அதற்கே சரி. 'வந்துட்டிருக்கான்' என்றால் பாதி இடம் மிச்சம். உன் ஆட்கள் கோலிவாடாவில் நின்றுகொண்டு மேடைத் தமிழ் பேசப் போவதில்லை, அதனால் பேச்சுத் தமிழில் எழுது. உடைக்க வேண்டி வந்தால் சொல் சேர்ந்த இடத்தில் உடை: 'வந்துட்டு' ஒரு வரி, 'இருக்கான்' அடுத்த வரி. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'வ' மேலே நின்று 'ந்துட்டு' கீழே விழுந்தால் படிக்கிறவன் ஒரு நொடி தடுக்கி விழுவான். நடுவில் ஆங்கிலம் மாதிரிச் சின்னக் கோடும் வேண்டாம், நம் பத்திரிகைகளில் அந்த வழக்கமே இல்லை. முட்டை வடிவ பலூன் தமிழுக்கு இடத்தை வீணடிக்கும், ஓரம் மழுங்கிய செவ்வகம் போடு.

வரைய உட்காரும் முன் ஒரு எபிசோடின் வசனம் முழுவதையும் வெறும் எழுத்தாக அடுக்கி, போனில் திறந்து, ஓடுகிற லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே படித்துப் பார். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிற அளவுதான் உன் அளவு.

டிட்வாலா ஸ்லோ:

அச்சுக்கோப்பவன் அண்ணாச்சி சொன்னதற்கு மேல் எழுத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் லோக்கல் ரயில் சங்கதிகளை வைத்து வாராவாரம் ஒரு சின்ன காமிக் போடுகிறேன், அதனால் அளவும் இடமும் பற்றி.

மேலிருந்து கீழே ஓடும் வடிவம் கொரியாவிலிருந்து வந்தது. நேவர் நிறுவனம் 2004-ல் அங்கே வெப்டூன் தளத்தைத் தொடங்கி, 2014-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் கேன்வாஸ் பகுதியில் யார் வேண்டுமானாலும் போடலாம். படத்தின் அகலம் 800 பிக்சல், ஒரு துண்டின் உயரம் 1280-க்குள். இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் நேரே 800 அகலத்தில் வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். திரைக்கு அது போதும். ஆனால் அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அந்தக் கணக்கில் 800 பிக்சல் ஏழு சென்டிமீட்டர்கூட வராது. அப்புறம் புத்தகம் போடும் ஆசை வந்தால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியதுதான்.

நான் 1600-க்கு 2000 என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் அதற்குள் அடக்குகிறேன். சரிபாதியாகக் குறைத்தால் 800-க்கு 1000, வெப்டூனுக்கு ஆச்சு. அதே 4-க்கு 5 விகிதம்தான் இன்ஸ்டாகிராமின் 1080-க்கு 1350-உம், அதனால் எதையும் வெட்ட வேண்டாம். அச்சில் 13.5 சென்டிமீட்டர் அகலம், ஏ5 தாளில் ஓரம் விட்டு நிற்கும். இன்ஸ்டாவில் முன்பு ஒரு பதிவுக்குப் பத்துப் படம்தான், 2024-லிருந்து இருபது வரை போடலாம். ஒரு எபிசோடுக்கு அது தாராளம்.

ஓடும் வடிவத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், அது உங்கள் கதைக்கு ரொம்பப் பொருந்தும். கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் அங்கே நேரம். பையன் எதையோ கேட்கிறான். கீழே ஒரு திரை அளவுக்கு வெறும் வெள்ளை. அப்புறம் பெரியவர் தேக்சா மூடியைத் திறக்கிறார், பதில் கிடையாது. அவருக்குப் பேசப் பிடிக்காது என்பதை எங்கேயும் எழுத வேண்டாம். இன்ஸ்டாவில் இதே மௌனத்துக்கு ஒரு முழு ஸ்லைடை ஒதுக்க வேண்டி வரும். அங்கே வெற்று ஸ்லைடைப் பார்த்தால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், அதனால் சைக்கிளின் பின்பக்கத்தையாவது காட்டுங்கள்.

எங்கே போடுவது? வெப்டூனில் தமிழுக்கென்று தனி வாசல் இல்லை. ஆங்கிலப் பகுதியில் தமிழைப் போட்டால் தேடி வர ஆள் இல்லை. தமிழ் வாசகர்கள் இன்ஸ்டாவிலும் வாட்ஸாப்பிலும் இருக்கிறார்கள், அங்கே பிடிப்பதுதான் நடக்கிற காரியம். ஆனால் வீடு என்று ஒன்று உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். பிளாக்கர் போதும், இல்லையென்றால் வேர்ட்பிரஸ். முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் படிக்க இன்ஸ்டாவில் நேரான வழி இல்லை, புதிதாக வருகிறவர் நடுக்கதையில்தான் வந்து விழுவார். 'முதல்', 'முந்தையது', 'அடுத்தது' என்று மூன்று பொத்தான் இருக்கிற ஒரு பக்கம் எங்காவது வேண்டும். கூகுள் பிளஸ் 2019-ல் மூடியபோது அங்கே மட்டுமே எழுதிக்கொண்டிருந்த தமிழ்க்காரர்கள் பெட்டி படுக்கையோடு அலைந்தது நினைவிருக்கும்.

ஒன்று எழுதி ஒன்று போடாதீர்கள். நாலைந்து எபிசோடாவது கையிருப்பில் இல்லாமல் முதலாவதை வெளியே விட வேண்டாம். மார்ச் மாதம் ஆடிட்டர் ஆபீஸில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, கதைக்கு முடிவு ஒன்றைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள். கன்னித்தீவு மாதிரி இழுக்க தினத்தந்தி நம்மிடம் இல்லை.

கறுப்புக் கோட்டு:

அந்த 'முழு உரிமை' விஷயம். கொடுக்காதீர்கள்.

பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957-ன்படி நீங்கள் வரைந்த நிமிடத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று எதுவும் இல்லை. பதிவு பின்னால் வழக்கு வந்தால் ஆதாரமாக உதவும், ஒரு கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் 19-ஆம் பிரிவு. எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், என்ன தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அவர்கள் கேட்பது உங்கள் ஆட்களையே. பெரியவரும் பையனும் அவர்களுடையவர்களாகிவிட்டால் அடுத்த எபிசோடை நீங்கள் வரையவே அவர்களிடம் கேட்க வேண்டி வரும்.

பகிர விருப்பம் இருந்தால் இவ்வளவு போதும்: 'இந்த ஒரு எபிசோடை மாற்றாமல், என் கையொப்பத்தை வெட்டாமல், என் பக்கத்தின் பெயரோடு உங்கள் பேஜில் போட அனுமதிக்கிறேன். மற்ற எல்லா உரிமையும் என்னிடமே.' மெசேஜில் பேசியதை மெயிலிலும் ஒருமுறை அனுப்பி வையுங்கள். கையொப்பத்தைப் படத்தின் ஓரத்தில் போடாமல் கோட்டோடு கோடாக உள்ளே வையுங்கள், வெட்டுகிறவர்கள் ஓரத்தைத்தான் வெட்டுவார்கள்.

இன்னொன்று. பெரியவர் உங்கள் சந்தில் நிஜமாக இருக்கும் ஒருவர் என்றால் முகத்தையும் பெயரையும் மாற்றிவிடுங்கள். இது சட்டத்துக்காகச் சொல்லவில்லை, நாளைக்கும் அவரிடம் இட்லி வாங்கப் போகிறீர்கள்.

வாஷி வாசகன்:

எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் யாரும் கேட்காத ஒன்று: எதற்குத் தமிழில்? மும்பையில் நடக்கும் கதை. ஆங்கிலத்தில் போட்டால் நாடு முழுக்கப் படிப்பார்கள், வெப்டூனிலும் இடம் இருக்கிறது. என் பசங்களுக்கே தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான்.

டிட்வாலா ஸ்லோ:

வாஷி சார், இரண்டில் ஒன்று என்று ஏன் வைக்க வேண்டும்? எழுத்து லேயரைத் தனியாக வைத்திருந்தால் அதே படத்தில் ஆங்கிலமும் போடலாம், இந்தியும் மராத்தியும் போடலாம். தமிழுக்குப் போட்ட பலூனில் ஆங்கிலம் தாராளமாக உட்காரும். ஆங்கிலத்துக்குப் போட்ட பலூனில் தமிழ் உட்காராது. அந்த ஒரு காரணத்துக்காகவே தமிழில் தொடங்குவதுதான் சரி என்பேன். உங்கள் பசங்கள் பற்றிச் சொன்னது உண்மை. அவர்களுக்கும் ஒரு பதிப்பு போகட்டும்.

கோலிவாடாக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தம்பியின் லேப்டாப்பில் கிரிட்டா போட்டு 'கொஞ்சம்' அடித்தேன். ஒழுங்காக வந்தது, தட்டச்சு நிதானமாகத்தான் போகிறது. முதல் எபிசோட் வசனத்தை மட்டும் போனில் வைத்து ஹார்பர் லைன் ரயிலில் நின்று படித்தேன். வடாலா வருவதற்குள் மூன்று பலூன் வேண்டவே வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. பேஜ்காரர்களுக்குக் கறுப்புக் கோட்டு சார் எழுதியதை அப்படியே அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று காட்டுகிறது, பதில் இல்லை.

இரண்டே சந்தேகம் அண்ணாச்சி. ஹார்ன் சத்தத்துக்கும் பலூ தம்பியே போடலாமா? அப்புறம், பரேலில் வாடிக்கையாளர்கள் இந்தி பேசும் இடம் வருகிறது. பையனுக்குப் புரியாது என்பதுதான் அந்தக் காட்சியே. அதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, தேவநாகரியில் எழுதுவதா?

அச்சுக்கோப்பவன்:

சத்தத்துக்கு ஃபான்ட் வேண்டாம், கையால் எழுது. ஃபான்ட்டில் அடித்த 'பாம்' நோட்டீஸில் ஒட்டிய மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். படம் வரைந்த அதே பேனாவில், ஹார்னின் வாயிலிருந்து வெளியே வரும்போது பெரிதாகிற மாதிரி எழுது. 'பா'வின் காலை நீட்டிக்கொண்டே போகலாம், தமிழில் அந்த வசதி இருக்கிறது. காலியான சந்தில் அடிக்கும்போது கால் நீளமாக, பரேல் கூட்டத்தில் குட்டையாக. சத்தமும் தனி லேயரில் இருக்கட்டும், ஆங்கிலப் பதிப்புக்கு மாற்ற வேண்டி வரும்.

இந்திக்கு: பையன் காதில் எப்படி விழுகிறதோ அப்படி. அவனுக்குப் புரியாத வரை தேவநாகரியில் போடு. படிக்கத் தெரியாத வாசகனும் அவனைப் போலவே முழிப்பான், தெரிந்தவன் சிரித்துக்கொள்வான். நாளாக ஆக அவன் கற்றுக்கொண்ட சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் கொண்டு வா. பலூ, முக்த இரண்டிலும் தேவநாகரியும் உண்டு, எழுத்தின் கனம் ஒத்துப்போகும்.

முதல் எபிசோட் முடிந்ததும் 1600 அளவுக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்து வா. ஏ5-ல் ஒரு பிரின்ட் போட்டுப் பார்த்துவிடுவோம், திரையில் பளபளக்கும் கலர் தாளில் எவ்வளவு செத்துப்போகும் என்று இப்போதே தெரிந்தால் நல்லது. ஞாயிறு என்றால் மதியம் இரண்டு மணிக்குள் வா, அப்புறம் ஷட்டர் இறக்கிவிடுவேன்.